தலைப்பாகைக்கு அஞ்சிய அரசு

தேவர்சோலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி பனிக்குத் தலையில் துண்டைச் சுற்றுகிறார், ஏனென்று கேட்பாரில்லை. தெற்கே, திருவிதாங்கூர்ச் சீமையில், ஒடுக்கப்பட்டோருக்கு அது ஒரு காலத்தில் குற்றம்! பெயர்கூடக் குற்றம். 1809இல், இன்று சாமித்தோப்பு எனப்படும் ஊரில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். நாடார் வீட்டுப் பிள்ளைக்கு முடியா? மேட்டுக்குடி சீறிற்று, பிள்ளை முத்துக்குட்டி ஆனான். அவனே பின்னாளில் வைகுண்டர்.

தலைப்பாகை கட்டியே வழிபட வாருங்கள் என்றார் அவர். எல்லாச் சாதியாரும் நீராட முத்திரிக் கிணறு கண்டார். அவர் வழியினரின் பதிகளில் சிலையில்லை, கண்ணாடி உண்டு. வணங்க வந்தவன் காண்பது தன் முகத்தை! அவதாரக் கதையை நாம் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியை எப்படி மறுப்போம்?

அன்றைய மன்னர் சுவாதித் திருநாள். இசைவாணர் எனப் பெயர் பெற்றவர். அவரது ஆட்சியையே நீச ஆட்சி என்றார் வைகுண்டர். விளைவு? 1838இல் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்புச் சிறை! நூறு நாளுக்கும் மேல் அடைத்து, 1839இல் விட்டனர்.

அதே காலத்தில் அமெரிக்காவில் மார்மன் சபை கண்ட ஜோசப் ஸ்மித்தும் சிறைப்பட்டார். 1844 ஜூன் 27இல் கார்த்தேஜ் சிறைக்குள் புகுந்த கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. நம் வைகுண்டரோ மீண்டுவந்து, 1851 வரை வாழ்ந்தார்.

நாடார் பெண்கள் மார்பை மறைக்க அரசு இசைந்தது 1859இல்! அதுவும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற நிபந்தனையோடு.