பரிசு மேடைக்கு வராத பிள்ளைகள்

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்குக் கல்வி பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலவையினர் கேட்டார்கள். சாதித்த பிள்ளைகளின் பெயர்கள் ஆண்டறிக்கைகளில் இருக்கின்றன. பரிசு மேடைக்கு வராத பிள்ளைகளின் வரலாற்றை நாங்கள் இங்கே எழுதுகிறோம். நாங்கள் என்றால், பகலில் கடை பார்த்துவிட்டு இரவில் பிள்ளைகளோடு பாடப் புத்தகத்தைப் பிரித்து உட்காரும் நாலைந்து பேர். எங்களில் ஒருவரும் ஆசிரியர் இல்லை. இதை எழுதும் கைக்குப் பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு மேல் படிப்பும் இல்லை.

கல்வியில் பினாங்கு மூத்த ஊர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் 1816 அக்டோபர் 21 அன்று பாதிரியார் ஹட்சிங்ஸ் முயற்சியில் தொடங்கியது. அங்கே நடந்த தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு 2016இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். ஆனால் கப்பலேறி வந்த நம் முன்னோரில் பலருக்குக் கடைதான் பள்ளிக்கூடம். ஓதக் கற்றுக்கொண்டு, கல்லாவில் கணக்குப் பழகி, பையன் பெரியவனானான். படிப்பு வராதவன் என்று யாரையும் ஒதுக்க வேண்டிய தேவை அப்போது இருக்கவில்லை. அந்தப் பெயர் தேர்வோடு வந்தது.

தேர்வு ஒரு சல்லடையாகவே நம்மிடம் வந்தது. ஆறாம் வகுப்பு முடிவில் இடைநிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு 1964 வரை இருந்தது. அது எடுக்கப்பட்ட பிறகு, படிவம் மூன்றில் எல்.சி.இ. தேர்வு வடிகட்டியது. அதில் தவறியவருக்குப் படிவம் நான்கு இல்லை. எங்கள் அத்தாமார் தலைமுறையில் பதினைந்து வயதில் கடைக்கு வந்தவர்களைக் கேட்டால், "எல்.சி.இ. போச்சு, கடைக்கு வந்துட்டேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நாங்களும் வெகுநாள் கேட்டதில்லை.

அடுத்து மொழி மாறியது. 1970இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் வகுப்பு மலாய்மொழிக்கு மாறி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக அம்மாற்றம் மேலே சென்றது. அந்த மாணவர்கள் 1976இல் படிவம் ஒன்றுக்கு வந்தார்கள். 1978இல் எல்.சி.இ.க்குப் பதில் எஸ்.ஆர்.பி., 1980இல் எம்.சி.இ.க்குப் பதில் எஸ்.பி.எம். எழுதினார்கள். நாட்டுக்கு அது தேவையான மாற்றம். ஆனால் வீட்டுக்குள் ஒரு சிக்கல் வந்தது. ஆங்கிலத்தில் படித்த அண்ணனால் மலாயில் படிக்கும் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. அண்ணனின் புத்தகமும் தம்பிக்கு உதவவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடியது. பாடம் புரியவில்லையா, பாடத்தின் மொழி புரியவில்லையா என்று பிரித்துப் பார்க்க வீட்டில் ஆளில்லை. இரண்டுக்கும் 'மக்கு' என்ற ஒரே பெயர்தான் கிடைத்தது.

இந்தச் சிக்கலைச் சமுதாயங்கள் தாமே கையிலெடுத்த வரலாறும் உண்டு. சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் தொடங்கியது. உழைத்துப் பிழைக்க வந்தவர்கள் கட்டிய பள்ளி அது. 1982இல் நம் நாட்டில் டாக்டர் தம்பிராஜாவின் முயற்சியில் ஸ்ரீ முருகன் நிலையம் உருவாகி, நம் இந்திய மாணவர்களுக்குத் தேர்வு வகுப்புகள் நடத்தியது. அதே ஆண்டு சிங்கப்பூரில் மலாய் முஸ்லிம் பிள்ளைகளுக்காக மெண்டாக்கியும், 1991இல் இந்தியப் பிள்ளைகளுக்காக சிண்டாவும் தோன்றின. பின்தங்கிய பிள்ளையைப் பெற்றோரின் தலையில் மட்டும் கட்டிவிடாமல், அவனைத் தங்கள் பொறுப்பாக அந்தச் சமுதாயங்கள் ஏற்றுக்கொண்டன.

பிறகு சல்லடைகள் ஒவ்வொன்றாக விலகின. 1993இல் எஸ்.ஆர்.பி. போய் பி.எம்.ஆர். வந்தபோது, தவறினாலும் படிவம் நான்குக்குப் போகலாம் என்றானது. பி.எம்.ஆர். 2014இல் பி.டி.3 ஆனது. 2021இல் யு.பி.எஸ்.ஆர்., 2022இல் பி.டி.3 இரண்டும் எடுக்கப்பட்டன. பிள்ளைகளின் பாரம் குறைந்தது உண்மை. ஆனால் பன்னிரண்டிலும் பதினைந்திலும் அடித்த எச்சரிக்கை மணியும் நின்றுபோனது. பதினேழு வயதில் எழுதும் எஸ்.பி.எம்.தான் இன்று பல பிள்ளைகளுக்கு முதல் பெரிய பொதுத் தேர்வு. அதில் மலாய்மொழியில் தேறினால்தான் சான்றிதழ். 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேற வேண்டும். மற்றப் பாடங்களில் எத்தனை 'ஏ' வாங்கினாலும் இந்த இரண்டில் ஒன்று போனால் சான்றிதழ் கையில் இல்லை.

இதை நாங்கள் ஒரு பையனிடமிருந்துதான் முழுதாகப் படித்தோம். அத்தாவின் சாப்பாட்டுக் கடையில் மாலை முழுவதும் நின்று பரிமாறுவான். மனக்கணக்கில் எங்களையே திணறடிப்பான். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவன் அத்தா அழைத்து வந்தார். நாங்கள் குறிப்புகளைக் கையில் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொன்னோம். அவனும் செய்தான். வரலாற்றில் தவறினான்; சான்றிதழ் இல்லை. மறுதேர்வு உண்டு என்று சொல்லப் போனோம். "வேண்டாம் மாமா, கடையையே பார்த்துக்கிறேன்" என்றான். அவன் அத்தாவின் தலைமுறை சொன்ன அதே வரி. இன்றைக்கும் கடையில் எங்களைக் கண்டால் தேநீர் வைத்துவிட்டுத்தான் பேசுவான். எங்களுக்குத்தான் முகம் பார்த்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு ஆண்டு கழித்து இன்னொருவன் வந்தான். இந்த முறை படிவம் நான்கின் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டோம். முதல் வாரம் பாடமே நடத்தவில்லை. மலாய்ப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னோம். சொற்களை உச்சரித்தான், பொருள் கேட்டால் தெரியவில்லை. நோய் அங்கே இருந்தது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒரே பத்தி. முதலில் அதைத் தமிழில் கதையாகச் சொல்ல வேண்டும். பிறகு மலாயில் மூன்று வரி எழுத வேண்டும். மலாக்காவில் நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் நம் சோழமண்டலக் கரை வணிகர்களையும் கவனித்தார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்போ நம்ம ஆளுங்களும் இந்தப் புத்தகத்துல இருக்காங்களா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவனை உட்கார வைக்க நாங்கள் பாடுபட வேண்டியிருக்கவில்லை.

சவ்ராஸ்தா சந்தை மாடியில் நம்மவர்கள் வைத்திருக்கும் பழைய புத்தகக் கடைகளில் முந்தைய ஆண்டுகளின் கேள்வித்தாள்களை வாங்கினோம். வாரம் ஒரு தாள், கடிகாரம் பார்த்து. தவறிய கேள்விகளை மட்டும் தனி நோட்டில் எழுதி, அடுத்த வாரம் அவற்றையே மறுபடி கேட்டோம். அவன் அத்தாவிடம் ஒன்றே ஒன்று கேட்டோம்: இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை கடையில் கூப்பிடக் கூடாது. அதற்கு அவர் சம்மதித்ததுதான் பாதி வெற்றி. பையன் எல்லாப் பாடத்திலும் தேறினான். 'ஏ' எதுவும் இல்லை. ஆகவே பரிசளிப்பு விழாவுக்கு அவனுக்கு அழைப்பும் இல்லை. முடிவு வந்த அன்று அவன் உம்மா எங்களுக்கு ஒரு சட்டி பிரியாணி அனுப்பினார்கள்.

ஐம்பது ஆண்டுகளில் தேர்வின் பெயர் பலமுறை மாறியது, மொழியும் மாறியது. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மாறவில்லை. அவனுக்குத் தேவைப்பட்டதும் மாறவில்லை: குறித்த நேரம், குறித்த இடம், ஏசாமல் பக்கத்தில் உட்காரும் ஒரு பெரியவர். இதற்குப் பட்டம் வேண்டியதில்லை.

ஆகவே பெற்றோரிடமும் சங்கத்தாரிடமும் எங்கள் வேண்டுகோள் இது. எத்தனை 'ஏ' என்று கேட்பதற்கு முன், படிவம் ஒன்றிலேயே உங்கள் பிள்ளையை ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, பொருள் கேளுங்கள். தடுமாறினால் வெட்கப்படாமல் எங்களிடம் அனுப்புங்கள். மூன்று வாரம் இருக்கும்போது அல்ல, மூன்று ஆண்டு இருக்கும்போது. வரும் ஆண்டுப் பரிசளிப்பில், தவறும் நிலையிலிருந்து தேறி வந்த பிள்ளைக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். மறுதேர்வு எழுத மனம் வந்தால், அந்த முதல் பையனுக்கும் எங்கள் மேசையில் இடம் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், அவனும் ஒருநாள் வருவான்.