கிராமத்துக்குப் போன பட்டதாரிகள்

பட்டம் பெற்றதும் பட்டணத்தில் ஓர் உத்தியோகம் தேடுவதுதான் நம் நாட்டுச் சம்பிரதாயம். பிள்ளையைப் படிக்கவைப்பதற்காக நிலத்தை விற்ற தகப்பனார், அவன் மறுபடியும் அந்த வரப்பில் வந்து நிற்பதை விரும்பமாட்டார். அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனாலும் நூறு வருஷங்களுக்கு மேலாகவே, இந்தச் சம்பிரதாயத்தை மீறிச் சிலர் கிராமங்களின் பக்கம் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அவர்கள் எதற்காகப் போனார்கள், கிராமத்துக்கு எதைக் கொடுத்தார்கள், அங்கிருந்து எதை எடுத்துக்கொண்டு வந்தார்கள் என்று யோசித்துப் பார்ப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு.

1905-ஆம் வருஷம் ஜூன் மாதம் 12-ஆம் தேதி, புனாவில் கோபால கிருஷ்ண கோகலே இந்திய ஊழியர் சங்கத்தை ஆரம்பித்தார். அந்த நாளில் தேசத் தொண்டு என்பது பெரும்பாலும் ஓய்வு நேர வேலை. வக்கீல்கள் கட்சிக்காரர்களை அனுப்பிவிட்டு, மாலையில் தேசத்தைக் கவனிப்பார்கள். கோகலே அதை முழுநேர வேலையாக்கினார். சங்கத்தில் சேருகிறவர்கள் ஏழு பிரமாணங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். தமக்கென்று பணம் சம்பாதிப்பதில் சக்தியைச் செலவிடுவதில்லை என்பது அவற்றில் ஒன்று. முதல் ஐந்து வருஷங்கள் பயிற்சிக்கே போய்விடும். திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்த ஸ்ரீனிவாஸ சாஸ்திரியார், அந்தப் பதவியை விட்டுவிட்டு 1907-இல் இந்தச் சங்கத்தில் சேர்ந்தார்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து 1915-இல் திரும்பிய காந்தியிடமும் கோகலே இதே பொறுமையைத்தான் எதிர்பார்த்தார். ஒரு வருஷம் தேசமெங்கும் சுற்றிப் பார்க்க வேண்டும். அதுவரை அபிப்பிராயம் சொல்லக்கூடாது என்றார். உலகம் அறிந்த மனிதருக்கே அந்த நிபந்தனை என்றால், நேற்றுப் பட்டம் வாங்கிய வாலிபனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சங்கத்தில் 1914-இல் சேர்ந்தவர் அமிர்தலால் டக்கர். பம்பாய் முனிசிபாலிடியில் எஞ்சினீயராக இருந்தவர். நாற்பது வயதுக்கு மேல் உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தார். பஞ்சமகால் ஜில்லாவில் பஞ்சம் வந்தபோது நிவாரண வேலைக்காகப் போனார். அங்கே பில் ஜாதி மக்களின் நிலைமையைக் கண்டார். பஞ்சம் தீர்ந்ததும் மூட்டை கட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1922-இல் பில் சேவா மண்டலத்தை ஏற்படுத்தி, தோஹதில் வருஷக்கணக்கில் தங்கி வேலை செய்தார். போனவர்களில் இவர் ஒரு வகை: தங்கிவிட்டவர்.

இன்னொரு வகையினரை நம் சென்னையிலேயே காணலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். புத்தகத்தில் இல்லாத பொருளாதாரம் கிராமத்தில் இருக்கிறது என்று அவர் நினைத்தார். மாணவர்கள் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்துக் கிராமங்களை ஆராயச் செய்தார். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று அவர்கள் விசாரித்து எழுதினார்கள். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, தஞ்சையில் பாலக்குறிச்சி, ராமநாதபுரத்தில் வடமலைபுரம், திருநெல்வேலியில் கங்கைகொண்டான் ஆகிய ஊர்களெல்லாம் 1918-இல் புத்தகமாகிவிட்டன. மாணவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு அவரவர் வழியே போயிருப்பார்கள். கடன் பட்டவன் கடனோடு இருந்தான். இவர்கள் கேட்டு எழுதியவர்கள்.

மூன்றாவது வகைக்குத் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவைச் சொல்ல வேண்டும். லண்டனில் கணக்குப் பரிசோதகர் தொழிலும், அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்தவர். காந்தியின் விருப்பப்படி, குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு, கேடா ஜில்லாவில் மாதர் தாலுகாவின் 54 கிராமங்களை 1929, 1930-இல் ஆராய்ந்தார். அவர்களும் கேள்விதான் கேட்டார்கள். ஆனால் குடியானவன் தலையில் நிலவரி எவ்வளவு பாரமாக இறங்கியிருக்கிறது என்று நிரூபிக்கும் நோக்கம் அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருந்தது. கேட்டவர்கள், பதில் சொன்னவனின் கட்சியில் நின்றார்கள்.

சுதந்திரம் வந்தபிறகு இந்த வேலையைச் சர்க்காரே எடுத்துக்கொண்டது. 1952 அக்டோபர் 2-ஆம் தேதி, 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டங்கள் தொடங்கின. ஊர் ஊராகக் கிராம சேவக்குகள் போனார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1957-இல் பல்வந்தராய் மேத்தா குழு ஒரு குறையைச் சொல்லிற்று: ஜனங்கள் தாங்களே முன்வந்து செய்யும் ஊக்கம் பிறக்கவில்லை, ஆகவே அதிகாரத்தைப் பஞ்சாயத்துகளிடம் கொடுக்க வேண்டும் என்றது. மேலிருந்து ஒருவன் எத்தனை நல்ல எண்ணத்தோடு வந்தாலும், ஊராரின் கையில் பிடி இல்லாவிட்டால் வண்டி நகராது என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

இந்த வரிசையில் கடைசியாக வருகிறவர்கள்தாம் இக்காலத்து ஃபெலோக்கள். 2012-இல் மத்திய கிராம வளர்ச்சி அமைச்சகம், பிரதமரின் பெயரால் ஒரு ஃபெலோஷிப்பைத் தொடங்கிற்று. நக்சலைட் பிரச்னை உள்ள பின்தங்கிய மாவட்டங்களுக்கு இளம் பட்டதாரிகளை அனுப்பிற்று. பம்பாய் டாட்டா சமூக விஞ்ஞானக் கழகம் பயிற்சி கொடுத்தது. இரண்டு வருஷம் கலெக்டருக்குத் துணையாக இருப்பது வேலை. அந்தத் திட்டம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் அதே யோசனை மாநிலங்களில் முளைத்தது. தமிழ்நாட்டில் 2022-இல் முதலமைச்சர் பெயரால் ஒரு ஃபெலோஷிப், அதுவும் இரண்டு வருஷத்துக்குத்தான், ஆரம்பமாயிற்று.

இதைக் கேட்டதும் சில பெரியவர்கள் சிரிப்பார்கள். “கோகலே ஆயுளைக் கேட்டார், இவர்கள் இரண்டு வருஷம் சம்பளத்தோடு போகிறார்கள். அடுத்த உத்தியோகத்துக்கு இது ஒரு படிக்கட்டு” என்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். கதை எழுதுகிறவனும் கேட்டு எழுதிக்கொண்டு திரும்புகிறவன்தானே! தவிர, தியாகம் செய்யத் தயாராக இருப்பவன் மட்டும்தான் கிராமத்துக்குப் போகலாம் என்று விதித்தால், வீட்டில் கஷ்டமுள்ள பிள்ளைகள் எவரும் போக முடியாது. சம்பளம் வாங்குவது பாவமல்ல.

என் கவலை வேறு. ஒரு வாலிபன் முதல் ஆறு மாதத்தில் ஊரின் பாஷையையும் பாதையையும் தெரிந்துகொள்கிறான். ரேஷன் அட்டை யாருக்கு இல்லை, அது ஏன் கிடைக்கவில்லை என்று அவனுக்கு விளங்குவதற்குள் பாதிக் காலம் தீர்ந்துவிடும். அவன் கிளம்பும்போது அந்த ஞானமும் அவனோடு பஸ் ஏறிவிடுகிறது. அடுத்து வருகிறவன் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிறான். ஊரார் அதே கேள்விக்கு அதே பதிலை இன்னொரு முறை சொல்லுகிறார்கள்.

இருவேல்பட்டை மறுபடி நினைத்துக்கொள்கிறேன். ஸ்லேட்டரின் மாணவர்கள் எழுதிவைத்த குறிப்பு இருந்ததால்தான், பின்னால் 1930-களிலும், 2008 வரையில் வேறு பல சமயங்களிலும், ஆராய்ச்சியாளர்கள் அதே ஊருக்குப் போய் எது மாறியது, எது மாறவில்லை என்று ஒப்பிட முடிந்தது. தங்காதவனும் விட்டுப்போகக்கூடிய பொருள் ஒன்று உண்டு என்பதற்கு அது சாட்சி.

அப்படியானால் இரண்டு வருஷக்காரனிடம் அதையாவது கேட்கலாம். கிளம்புவதற்குமுன், தான் அறிந்ததை நல்ல தமிழில் ஒரு நோட்டுப் புத்தகமாக எழுதட்டும். கிராம சபை கூடும் நாளில் அதை உரக்கப் படிக்கட்டும். தப்பாக எழுதியிருந்தால் ஊரார் திருத்துவார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. பிறகு ஒரு பிரதி கலெக்டர் கச்சேரிக்குப் போகட்டும். இன்னொன்று பஞ்சாயத்து அலமாரியில் இருக்கட்டும். அடுத்து வரும் பிள்ளை முதல் நாள் அதைத்தான் படிக்க வேண்டும்.