காப்பீடு இல்லாத நாள்கள்

வாகனக் காப்பீட்டுக் கட்டணத்தைக் குறித்த நாளில் செலுத்தத் தவறினால் என்ன ஆகும்? மாதத் தவணை முறை பரவலாக உள்ள மேலைநாடுகளில் காப்பீட்டு நிறுவனம் முன்னறிவிப்பு அனுப்பும். நிலுவையைக் கட்டினால் ரத்தான காப்பீடு மீண்டும் நடைமுறைக்கு வரவும் கூடும். நம் நாட்டில் மோட்டார் காப்பீடு பெரும்பாலும் ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டியே செலுத்திப் பெறுவதாகும். கட்டணம் கைக்கு வராமல் எந்த நிறுவனமும் பொறுப்பேற்கக் கூடாது என்கிறது 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு. ஆயுள் காப்பீட்டில் உள்ளதுபோன்ற சலுகைக் காலம் இதற்குக் கிடையாது. கெடு நாளின் நள்ளிரவோடு பாதுகாப்பு முடிந்துவிடும். பிறகு நாம் 'புதுப்பிப்பது' உண்மையில் ஒரு புதிய ஒப்பந்தம். இடையில் கழிந்த நாள்களை அது மீட்டுத் தராது.

மரக்காணம் உப்பளப் பகுதியில் இந்தச் சட்டம் பருவநிலையோடு மோதுவதைப் பார்க்கிறேன். அங்கே தை, மாசியில் தொடங்கும் உப்பு உற்பத்தி வடகிழக்குப் பருவமழை வந்ததும் நின்றுபோகும். பாத்திகளில் மழைநீர் நிற்கும் அந்த மாதங்களில் உப்பளத் தொழிலாளர்களுக்கு மாநில அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது என்பதே பணமுடைக்குப் போதிய சான்று. தொழிலாளியின் கூலி நின்றால் மூட்டை ஏற்றும் வேன் உரிமையாளரின் வாடகையும் நிற்கும், கடைக்காரரின் வியாபாரமும் படுக்கும். ஆயுத பூஜை, தீபாவளியை ஒட்டி நல்ல நாள் பார்த்து வாங்கிய வண்டிகளுக்கு ஆண்டுக் கெடு வருவதும் இதே மாதங்களில்தான்.

தொகையும் சிறியதன்று. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டணம் மட்டும் 3,416 ரூபாய். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்துக்கு 16,049 ரூபாய். வரியும் சொந்தச் சேதக் காப்பீடும் தனி. 'பொங்கல் முடிந்து உப்பு வாரத் தொடங்கியதும் கட்டிக்கொள்ளலாம்' என்று ஒருவர் தள்ளிப்போடுவதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், புயல் வருவதும் அந்த இடைவெளியில்தான். தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது 2024 நவம்பர் 30 அன்று. காப்பீடு காலாவதியான காருக்குள் வெள்ளம் புகுந்தால் ஒரு ரூபாயும் கிடைக்காது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த வண்டி யார் மீதாவது மோதிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். காவல்துறை விதிக்கும் அபராதம் முதல்முறை 2,000 ரூபாய், அடுத்தமுறை 4,000 ரூபாய்; சட்டப்படி மூன்று மாதச் சிறையும் உண்டு. இழப்பீடு முழுவதும் உரிமையாளரின் தலையில் விழும். காப்பீடில்லாத வண்டி விபத்தில் சிக்கினால், போதிய பிணை தராமல் அதை விடுவிக்கக் கூடாது, தேவையானால் ஏலம் விட்டுத் தொகையைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்ற வகையில் விதி வகுக்குமாறு 2018-இல் உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

கட்டணம் கட்டியதாக நினைத்து, அது போய்ச் சேராத நிலை வேறு. காசோலை வங்கியிலிருந்து திரும்பிய வழக்குகளில் உச்சநீதிமன்றம் இரண்டு தராசுகளை வைத்திருக்கிறது. 1993 டிசம்பர் 21-இல் காசோலை கொடுத்துக் காப்பீடு பெற்ற ஒரு மாருதி காரின் உரிமையாளர் 31-ஆம் தேதி விபத்தில் இறந்தார். காசோலை திரும்பிய செய்தி ஜனவரியில்தான் வந்தது. ஆனாலும், காருக்கு ஏற்பட்ட சேதத்தை நிறுவனம் ஈடுகட்ட வேண்டியதில்லை என்று 2001-இல் தீர்ப்பானது. சாலையில் அடிபட்ட மூன்றாம் நபருக்கு அளவுகோல் வேறு. கட்டணம் கைக்கு வராமலே சான்றிதழ் வழங்கியது நிறுவனம்தான் என்பதால், அதை நம்பும் பொதுமக்களுக்கு அது பதில் சொல்ல வேண்டும் என்றது 1998-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ரத்து செய்த தகவல் விபத்துக்கு முன்பே உரிமையாளருக்குச் சேர்ந்திருந்தால்தான் நிறுவனம் தப்ப முடியும் என்று 2012-இல் இது தெளிவாக்கப்பட்டது. அப்படி முன்பே தகவல் சேர்ந்திருந்த ஒரு வழக்கில்கூட (தீர்ப்பு 2007 டிசம்பர்) பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தியது.

இன்று காசோலையின் இடத்தைக் கைப்பேசிப் பணப்பரிமாற்றம் பிடித்துவிட்டது. கணக்கில் பணம் கழிந்த குறுஞ்செய்தி காப்பீட்டுக்குச் சான்றாகாது. சான்றிதழில் எண்ணும் தொடங்கும் நேரமும் இருக்க வேண்டும். நேரம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிற்பகல் 2.20-க்கு விபத்து, 2.55-க்குக் காப்பீடு என்ற வழக்கில் 35 நிமிட வேறுபாட்டுக்காக நிறுவனம் பொறுப்பிலிருந்து விடுபட்டது.

தவறிவிட்டால் மீள்வதற்கான வழி எளிது, ஆனால் அவசரமானது. மூன்றாம் தரப்புக் காப்பீட்டை அன்றே எடுத்துவிடலாம். சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பதென்றால் நிறுவனம் வண்டியைப் பார்வையிட்ட பிறகே பெரும்பாலும் சம்மதிக்கும். அதுவரை வண்டியை வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது. 90 நாள்களுக்குள் புதுப்பித்தால், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த 20 முதல் 50 சதவீதத் தள்ளுபடி தப்பிக்கும். அதைத் தாண்டினால் அதுவும் போய்விடும்.

கழிந்த நாள்களை மீட்டுத் தரவே முடியாதா? ஒருமுறை முடிந்திருக்கிறது. பொது முடக்கத்தின்போது, 2020 மார்ச் 25 முதல் ஏப்ரல் 14 வரை காலாவதியாகும் மூன்றாம் தரப்புக் காப்பீடுகளை ஏப்ரல் 21-க்குள் புதுப்பித்தால் இடைவெளியின்றித் தொடரும் என்று மத்திய நிதி அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது; அந்தச் சலுகை பின்னர் மே 15 வரை நீண்டது. நாடு முழுவதற்கும் செய்ததைப் பேரிடர் பாதித்ததாக அறிவிக்கப்படும் மாவட்டங்களுக்கு மட்டும், சில வாரங்களுக்குச் செய்வதில் என்ன தடை? வங்கியும் இணையமும் மின்சாரமும் முடங்கிக் கிடக்கும் நாளில் விழும் கெடுவுக்கும், ஊரடங்கு நாளில் விழுந்த கெடுவுக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அத்தகைய அறிவிக்கை வரும்வரை, மரக்காணத்து வண்டி உரிமையாளர்கள் உப்பு விற்பனை நடக்கும் மாதங்களிலேயே கட்டணத்தைத் தனியே எடுத்துவைத்து, கெடுவுக்குச் சில வாரங்கள் முன்பே புதுப்பித்துவிடலாம். பழைய காப்பீடு முடியும் நொடியிலிருந்து புதியது தொடங்கும். முன்பே கட்டுவதால் ஒரு நாளும் வீணாகாது.