போத்தலுக்குள் சாகும் மீன்: உயிர்மீன் சுமந்தவர்களின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலா வாசிங்க. தூண்டில் போடுகிற நம்ம பொடியன்மாருக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். ஆனால் சம்பலுக்கு மாசி இடிக்கிற எல்லார் வீட்டுக்கும் இதில் பங்கிருக்கிறது.

லீவு நாளில் இங்கிருந்து உக்குவளைப் பக்கமோ, வத்தேகம வழியாக விக்டோரியா பக்கமோ மீன் பிடிக்கப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். விராலுக்கு உயிர் இரைதான் வேண்டுமென்று காலையில் ஓடையில் சின்ன மீன்களைப் பிடித்து, சோடாப் போத்தலில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி எடுத்துப் போகிறார்கள். கரைக்குப் போய்ச் சேரும்போது பாதி மீன் வயிற்றைக் காட்டி மிதக்கிறது. “தண்ணி நிறையத்தானே இருந்திச்சு, ஏன் சேர் சாகுது?” என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். விஞ்ஞானப் பாடத்தில் இரண்டு வரியில் பதில் சொல்லலாம். வரலாற்றுப் பாடமாகச் சொன்னால் அதைவிட ருசியான கதை. உயிர்மீனைச் சாகாமல் சுமப்பது எப்படி என்று மனிதன் பல நூற்றாண்டுகளாகப் படித்திருக்கிறான்.

முதலில் மாசியிலிருந்து தொடங்குவோம்.

மாசி மாலைதீவிலிருந்து வந்த பண்டம். திவெஹி மொழியில் ‘மஸ்’ என்றால் மீன். இப்னு பதூதா 1343, 1344 ஆண்டுகளில் மாலைதீவில் காதியாராக இருந்தார். அங்கே சிவந்த சதையுள்ள மீனைத் துண்டாக்கி, அவித்து, ஓலைக் கூடையில் வைத்துப் புகையில் காயவிட்டு, இந்தியா, சீனா, யெமன் வரை அனுப்பினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அதே பயணத்தில்தான் அவர் புத்தளத்தில் இறங்கி, பாவா ஆதம் மலைக்கும் ஏறினார். ஆகவே நம்ம அம்மியில் இடிபடும் மாசிக்கு எழுத்தில் உள்ள வயது மட்டுமே ஏறக்குறைய எழுநூறு வருடம்.

அந்த மாசி சூரை மீனில் செய்வது. மாலைதீவுக்காரர்கள் சூரையை வலை போட்டுப் பிடிப்பதில்லை; தூண்டில் கம்பால் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். சூரைக் கூட்டம் படகை விட்டுப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் உயிருள்ள சின்ன மீன்களை அள்ளி அள்ளி வீச வேண்டும். செத்த மீனுக்கு அது திரும்பிப் பார்க்காது. அதனால் விடியலில் பவளப்பாறைப் பக்கம் சின்ன மீன்களைப் பிடித்து, படகிலேயே உயிரோடு வைத்துக்கொண்டு ஆழ்கடலுக்குப் போவார்கள்.

எப்படி வைத்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். தோணியின் நடுப்பகுதியில் அடிப்பலகையில் துளைகள் இருக்கும். அடைப்பை எடுத்துவிட்டால் கடல்நீர் உள்ளே வரும். இரை மீன்கள் அந்தத் தண்ணீரில் நீந்தும். உள்ளே வந்த நீரை ஆட்கள் நின்று வெளியே இறைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு பக்கம் புதுத் தண்ணீர் ஏற, மறுபக்கம் பழைய தண்ணீர் வெளியேற, தோணியின் வயிறே ஓடுகிற ஆறு மாதிரி இருக்கும். கை ஓய்ந்தால் மீன் சாகும், மீன் செத்தால் அன்றைய உழைப்பு போச்சு. 1974இலிருந்து தோணிகளுக்கு இயந்திரம் வந்தது. பிறகு இறைக்கிற வேலையைப் பம்பு எடுத்துக்கொண்டது. முறை மட்டும் மாறவில்லை: தண்ணீர் நிற்கக்கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். காலையில் பிடித்த இரை, அதே கடலில், அதே நாளில் செலவாகிறது. இதை மனதில் வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

அடுத்தது வங்காளம். 1957 ஜூலை 10 அன்று ஹிராலால் சௌதுரி, அலிக்குன்ஹி ஆகிய விஞ்ஞானிகள் ஊசி மருந்தால் கெண்டை மீனை முட்டையிட வைத்துக் காட்டினார்கள். அதற்கு முன் இந்தியாவில் குளத்தில் வளர்க்கிற ரோகு, கட்லா குஞ்சுகளை மழைக்காலத்தில் ஆற்றிலிருந்துதான் அள்ள வேண்டும். கங்கைக் கரையில் அள்ளியதை ரயிலேற்றித் தூர மாகாணங்களுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கென்றே பழகிய ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கையிலிருந்தது ‘ஹண்டி’ என்ற மண்பானை மட்டும்.

அவர்கள் செய்ததைப் பாருங்கள். பிடித்தவுடன் பானையில் போட மாட்டார்கள். துணித் தொட்டியில் விட்டு, சாப்பாடு கொடுக்காமல் பட்டினி போடுவார்கள். குடல் காலியான குஞ்சு பானைத் தண்ணீரை அசுத்தமாக்காது. வழி முழுக்கப் பானையைக் கையால் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். நடுவில் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவார்கள். கழிவு அடியில் படியட்டும் என்று கொஞ்சம் செம்மண் தூவுவார்கள். மண்பானை வெளியே கசிந்து ஆவியாவதால் தண்ணீர் தானாகவே குளிரும். நம்ம வீட்டுக் குடிநீர்ப் பானையின் அதே சங்கதிதான்.

மாலைதீவில் இறைத்தார்கள், வங்காளத்தில் ஆட்டினார்கள். இரண்டிலும் நடந்தது ஒன்றுதான்: தண்ணீருக்குள் காற்றைச் சேர்த்தார்கள்.

மூன்றாவது பாடம் குளிர். 1864 ஜனவரியில் ‘நோர்ஃபோக்’ என்ற பாய்க்கப்பல் லண்டனிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. அதில் சல்மன், டிரவுட் மீன் முட்டைகள் ஈரப்பாசியில் பொதிந்த மரப்பெட்டிகளில், ஐஸ் அறைக்குள் இருந்தன. ஏப்ரலில் மெல்பேர்ண் வந்தபோதும் அவற்றில் பல உயிரோடிருந்தன. பிறகு தஸ்மேனியாவில் குஞ்சு பொரித்தன. அதற்கு முந்திய முயற்சிகள் தோற்றுப் போயிருந்தன. குளிர் உயிரின் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்தால் மூச்சும் குறைவாகவே தேவைப்படுகிறது. 1880களில் நுவரெலியாவுக்கு வெள்ளைக்காரர்கள் டிரவுட் கொண்டுவந்ததும் முட்டையாகத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரிக்கு டிரவுட் முட்டை போன இடங்களில் நம்ம நாடும் ஒன்று.

இவர்கள் எல்லாரும் கைப்பழக்கத்தால் கண்டதை அளந்து பார்க்க வழி கிடைத்தது 1888இல். புடாபெஸ்ட் நகரத்து லாயோஷ் விங்க்லர் என்ற வேதியியலாளர், நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அந்த அளவுகளை வைத்து நம்ம சோடாப் போத்தலைப் பார்ப்போம்.

20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நல்ல நீரில் கரையக்கூடிய ஒட்சிசன் ஏறக்குறைய 9 மில்லிகிராம். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராம்தான். அதே ஒரு லீற்றர் காற்றில் 280 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. போத்தலைக் கழுத்துவரை நிரப்பினால், முப்பது மடங்கு மூச்சு இருக்கிற காற்றை வெளியே தள்ளிவிட்டு, மூச்சு குறைந்த தண்ணீரை உள்ளே அடைக்கிறோம் என்று அர்த்தம். மேலும் காற்று தண்ணீரைத் தொடுகிற இடம் போத்தல் கழுத்தில் ஒரு ரூபாய்க் குத்தியளவுதான். எல்கடுவக் குளிரிலிருந்து கீழே இறங்க இறங்கத் தண்ணீர் சூடாகும். சூட்டில் ஒட்சிசன் குறையும், மீனின் தேவையோ கூடும். போதாததற்கு மீன் விடுகிற காபனீரொட்சைட்டும் அமோனியாவும் வெளியேற வழியில்லை. வத்தேகம போவதற்குள் மீன் மிதக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

இப்போது தம்புள்ளை மீன்குஞ்சு நிலையத்திலிருந்து குளங்களுக்குக் குஞ்சு போகிற பொலித்தீன் பையைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர். மீதி இரண்டு பங்கு ஒட்சிசன் வாயு. மாலைதீவுக்காரரின் இறைப்பும் வங்காளியின் ஆட்டலும் செய்த வேலையை அந்த வாயு செய்கிறது.

இதுவரை கேட்டது வெற்றிக் கதை. இதற்கு மறுபக்கமும் உண்டு. மீன் வழியில் செத்துக்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஆற்று மீன் இன்னோர் ஆற்றுக்குப் போவது அரிது. சுமக்கும் வித்தை கைவந்த பிறகு, எந்த மீனும் எந்தத் தண்ணீருக்கும் போகலாம் என்றாகிவிட்டது.

ஆபிரிக்கத் திலாப்பியா 1952இல் இலங்கைக்கு வந்தது. குளத்து மீன்பிடி அதனால்தான் எழும்பியது, ஏழைகளின் சட்டியில் மீன் விழுந்தது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் மீனோடு நோயும் பயணம் செய்கிறது. 1980களின் கடைசியில் விராலும் மற்ற மீன்களும் உடம்பெல்லாம் புண்ணோடு கரை ஒதுங்கியது பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். ஆசிய நாடுகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பரவிய நோய் அது. நீரில் வாழும் பூஞ்சை போன்ற ஒரு கிருமி காரணம். உயிர்மீன் ஊர்விட்டு ஊர் போவது அது பரவிய வழிகளில் ஒன்று என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அமெரிக்காவின் பேரேரிகளில் 2005 அளவில் ஒரு வைரஸ் நோய் மீன்களைக் கூட்டமாகக் கொன்றபோது, அங்கே உயிர்மீன்களைக் கொண்டுபோவதற்கே கட்டுப்பாடு வந்தது. தூண்டில்காரரின் இரை வாளியும் அதில் அடக்கம். வாளித் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை.

இனி நம்ம வாசலுக்கு வருவோம். மாத்தளைப் பக்கம் இறங்கும் ஓடைகள் சுது கங்கையில் சேர்கின்றன. அது அம்பன் கங்கையாகி மகாவலிக்குப் போகிறது. 1976இலிருந்து பொல்கொல்லையிலிருந்து சுரங்கம் வழியாக மகாவலித் தண்ணீர் உக்குவளையில் வந்து விழுகிறது. அதனால் கீழே ஆற்று மீன்கள் ஏற்கனவே கலந்துவிட்டன. மேலேயுள்ள சிறு ஓடைகள் அப்படியில்லை. அருவியும் பாறையும் வேலி மாதிரி காத்து வைத்திருக்கின்றன.

அந்த வேலிக்குள் என்ன இருக்கிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. நம்ம மாவட்டத்து லக்கலைப் பக்கம் களுகங்கையில் ஒரு கெண்டை இனத்தை சேனாநாயக்க என்ற ஆய்வாளர் 1985இல்தான் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பெயரிலேயே ‘ஸ்ரீலங்கென்சிஸ்’ என்று நாட்டின் பெயர் இருக்கிறது. 1991இல் அம்பன் கங்கைப் பக்கத்து இன்னொரு கெண்டைக்குப் பெயர் வைத்தார்கள். இரண்டும் உலகத்தில் வேறெங்கும் இல்லை. இரண்டும் அழிவு அபாயத்தில் இருக்கின்றன. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010இல் உலக மரபுரிமையானபோது நாம் பெருமைப்பட்டோம். அந்த மரபுரிமையில் மலையும் மூங்கிலும் மட்டுமில்லை, விரல் நீள மீனும் சேர்த்திதான்.

ஆகவே தம்பிமாரே, வரலாறு சொன்னதை வேலைக்கு எடுங்க.

மலை ஓடையில் சின்ன மீன் பிடித்துக் கீழே கொண்டுபோகாதீங்க. சில இனங்களைப் பிடிப்பதே சட்டப்படி குற்றம், எது எந்த இனமென்று பார்த்தவுடன் நமக்குத் தெரியாது. உயிர் இரை வேண்டுமென்றால் எந்தத் தண்ணீரில் தூண்டில் போடப் போறீங்களோ அதே தண்ணீரில் பிடிங்க. மாலைதீவுக்காரர் செய்தது அதுதான். அங்கே இரை கிடைக்காவிட்டால் மண்புழு இருக்கிறது, கோதுமை மா உருண்டை இருக்கிறது.

பிடித்ததைக் கரையோரம் வைத்திருக்கவும் முறை உண்டு. வாய் அகன்ற வாளி எடுங்க. முக்கால்வாசி நிரப்பினால் போதும். மீன் குறைவாகப் போடுங்க. இருபது மீன் செத்துப்போவதை விட ஐந்து மீன் உயிரோடிருப்பது லாபம். நிழலில் வைத்து, வாளியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுங்க. அடிக்கடி ஒரு கோப்பையால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்க, காற்று கலக்கும். அதே நீர்நிலையின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்க. குளோரின் கலந்த பைப் தண்ணீர் ஊற்றவே கூடாது. செத்த மீனை உடனே எடுத்துவிடுங்க. காய்ந்த கையால் மீனைத் தொடாதீங்க, மேலிருக்கிற வழுவழுப்பு போனால் நோய் பிடிக்கும்.

“கொல்லத்தானே கொண்டுபோறோம், இவ்வளவு பக்குவம் எதுக்கு?” என்று கேட்கலாம். தேவைக்கு ஒன்றை எடுப்பது வேறு, மூச்சுமுட்ட வைத்து இருபதை வீணாக்குவது வேறு.

கடைசியாக, மிச்சமான இரை. பாவம் பார்த்து வேறு ஓடையில் விடாதீங்க. அது இரக்கம் மாதிரித் தெரியும், ஆனால் அந்த ஓடை மீன்களுக்கு அது வினை. பிடித்த இடத்திலேயே இருந்தால் அங்கேயே விடலாம். வேறிடத்துக்கு வந்துவிட்டால் மீனைக் கொன்று மண்ணில் புதைத்து, வாளித் தண்ணீரை ஓடைக்குத் தூரமாகத் தரையில் ஊற்றுங்க.

ஓடையில் முன்பு பார்த்து இப்போது காணாமல் போன மீன்கள் பற்றிப் பெரியவர்களுக்கு ஞாபகமிருந்தால், நீங்கள் சொல்லிவந்த பெயரோடு கீழே எழுதுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து அதை ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாமென்று இருக்கிறேன். எழுதாமல் விட்டால் அந்தப் பெயர்களும் மீனோடு போய்விடும்.