இயலா முக்கோணமும் இரு துறைகளும்

1954இல் ஆம்ஸ்டர்டாமில் பன்னாட்டுக் கணிதவியலாளர் மாநாடு நடைபெற்றபோது, அந்நகரின் ஸ்டெடெலிக் அருங்காட்சியகத்தில் எஷரின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கண்டு தூண்டுதல் பெற்ற ரோஜர் பென்ரோஸ், பின்னர் இருக்கவியலாத முக்கோணம் ஒன்றை வரைந்தார். அவர்தம் தந்தை லயனல், முடிவிலாப் படிக்கட்டை அமைத்தார். (சுவீடன் ஓவியர் ரூட்டர்ஸ்வார்ட் 1934லேயே இத்தகைய முக்கோணத்தை வரைந்துவிட்டார்.) இருவரும் எழுதிய சிறு கட்டுரை 1958இல் வெளிவந்தது, கணித இதழில் அன்று, பிரித்தானிய உளவியல் இதழில்.

இம்முக்கோணத்தின் எந்த மூலையைத் தனித்து நோக்கினும் பிழையில்லை. இரு சட்டங்கள் செங்கோணத்தில் இணைவதே அங்குக் காணப்படுவது. மூன்று மூலைகளையும் ஒருசேரக் கொள்ளும்போதுதான் முரண் எழுகிறது. ஒரு மூலையிலிருந்து சட்டங்களின் வழியே சுற்றிவரின், பார்வையாளரிடமிருந்து விலகிக்கொண்டே சென்று, தொடங்கிய இடத்தையே அடைய நேர்கிறது. அதாவது, அடுத்தடுத்த மூலைகளுக்குரிய தொலைவு விகிதங்களின் பெருக்கற்பலன் ஒன்றாக அமைவதில்லை. பகுதிதோறும் பொருந்துவது முழுமையில் பொருந்தாமையை அளக்கும் கோஹோமாலஜி என்னும் கணிதக் கருத்தால் ரோஜர் இதனை 1992இல் லியோனார்டோ இதழில் விளக்கினார்.

இவ்விளக்கம் உளவியலைத் தேவையற்றதாக்கிவிட்டது எனக் கொள்ளுதல் பொருந்தாது. படத்தில் தொட்டுக்கொள்ளும் முனைகள் வெளியிலும் தொட்டுக்கொள்கின்றன என்னும் எடுகோளின் மீதே அக்கணக்கு நிற்கிறது. அவ்வெடுகோளை வழங்குவது கண். உளவியலாளர் ரிச்சர்ட் கிரிகரி, முனைகள் சேராத முப்பரிமாண உரு ஒன்றை அமைத்துக் காட்டினார். குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்று ஒற்றைக் கண்ணால் நோக்குவோர்க்கு, இடைவெளி உண்டென அறிந்த பின்னும், அது மூடிய முக்கோணமாகவே தோன்றியது.