ஐரோப்பா முழுக்க ஒரே ரயில் பாஸ்: எங்கே ஏறலாம், எங்கே தனியா காசு கட்டணும்? ரயில் மாறும்போது கவனிக்க வேண்டியது என்ன?

'கையில பாஸ் இருக்கு, எந்த ரயில்ல வேணும்னாலும் ஏறிக்கலாம்' என்ற நினைப்போடு பாரிஸில் டிஜிவி அதிவேக ரயிலில் ஏறினால், டிக்கெட் பரிசோதகர் வரும்போது சிக்கல்தான். பாஸ் இருந்தாலும் அந்த ரயிலுக்கு இருக்கை முன்பதிவு கட்டாயம். அது இல்லாவிட்டால் அபராதம் கட்ட வேண்டி வரலாம். பாஸ் எப்படி வேலை செய்கிறது, ரயில் மாறும்போது எங்கெல்லாம் தடுமாற வாய்ப்பு உண்டு என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

யூரெயிலா, இன்டர்ரெயிலா?

இரண்டுமே கிட்டத்தட்ட ஒரே பாஸ்தான். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில், ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். யூரெயில் 1959-லும், இன்டர்ரெயில் 1972-லும் தொடங்கப்பட்டன.

இதில் பார்க்கப்படுவது பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதல்ல, எங்கே வசிக்கிறார் என்பதுதான். சென்னையில் இருந்து சுற்றுலா போகிறவர் யூரெயில் வாங்க வேண்டும். வசிப்பிட அனுமதியோடு ஜெர்மனியில் படிக்கும் தமிழ் மாணவர், இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இன்டர்ரெயில்தான் வாங்க வேண்டும். இன்டர்ரெயிலில் ஒரு நிபந்தனை உண்டு. வசிக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம் மட்டுமே அனுமதி.

'குளோபல் பாஸ்' 33 நாடுகளில் செல்லும். ஒரே நாட்டுக்கான பாஸும் உண்டு. 27 வயது வரை இளைஞர் சலுகையும், 60 வயது முதல் மூத்தோர் சலுகையும் கிடைக்கும். பெரியவர் ஒருவருடன் 4 முதல் 11 வயது வரையிலான 2 குழந்தைகள் இலவசமாகப் பயணிக்கலாம். ஆனால் அவர்களுக்கும் இலவச பாஸ் எடுத்தே ஆக வேண்டும்.

'பயண நாள்' என்றால் என்ன?

பாஸ் வாங்குபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஒரு மாதத்துக்குள் 7 பயண நாள் என்று பாஸ் எடுத்தால், அந்த மாதத்தில் விருப்பப்பட்ட 7 நாட்களில் மட்டும் ரயிலில் போகலாம். ஒரு பயண நாள் என்பது நள்ளிரவு 12 மணி முதல் அடுத்த நள்ளிரவு 12 மணி வரை. அதற்குள் எத்தனை ரயில் வேண்டுமானாலும் மாறிக்கலாம்.

இரவு ரயிலுக்குத் தனி விதி. 10-ம் தேதி இரவு வியன்னாவில் ஏறி 11-ம் தேதி காலை வெனிஸில் இறங்கினால், 10-ம் தேதி மட்டுமே கணக்கில் கழியும். ஆனால் நள்ளிரவு தாண்டி வழியில் வேறு ரயிலுக்கு மாறினால் 11-ம் தேதியும் கழியும். காலையில் இறங்கியபின் அன்றைக்கே இன்னொரு ரயில் ஏறினாலும் அப்படித்தான்.

மொபைல் பாஸில் 'ரெயில் பிளானர்' ஆப்பில் ஏறப்போகும் ரயிலைச் சேர்த்து, அதை டிக்கெட்டாக மாற்றி, க்யூஆர் கோடை வரவழைக்க வேண்டும். ஏறும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பரிசோதகர் வந்த பிறகு சேர்த்தால் டிக்கெட் இல்லாத பயணமாகவே கருதப்படலாம். பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும்.

எந்த நாட்டில் முன்பதிவு கட்டாயம்?

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் உள்நாட்டு பகல் ரயில்களில் பெரும்பாலும் முன்பதிவு தேவையில்லை. ஜெர்மனியின் ஐசிஇ ரயிலில்கூட பாஸோடு ஏறி, காலியான இருக்கையில் உட்காரலாம்.

பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சியாரோசா, ஸ்பெயினின் ஏவே, லண்டனை இணைக்கும் யூரோஸ்டார் ஆகியவற்றுக்கு முன்பதிவு கட்டாயம். படுக்கை வசதி கொண்ட இரவு ரயில்களுக்கும் இதே நிலைதான். ரயிலைப் பொறுத்து சில யூரோக்கள் முதல் 30 யூரோவுக்கு மேல் வரை தனியாகக் கட்ட வேண்டும். யூரோஸ்டாரில் பாஸ் வைத்திருப்போருக்கு ஒதுக்கும் இருக்கைகள் குறைவு. அதனால் கோடை விடுமுறையில் போகிறவர்கள் முதலில் இதைத்தான் பதிவு செய்ய வேண்டும்.

இத்தாலியின் இட்டாலோ, பிரான்ஸ் மற்றும் ஸ்பெயினின் உய்கோ போன்ற ரயில்களில் பாஸ் செல்லாது. மெட்ரோவுக்கும் நகரப் பேருந்துக்கும் தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.

ரயில் மாறும் இடத்தில் தடுமாறுவது எங்கே?

ஒரே ஊர், வேறு ஸ்டேஷன்: லண்டனில் இருந்து யூரோஸ்டார் வந்து நிற்பது பாரிஸின் கார் து நோர் நிலையத்தில். தெற்கு பிரான்ஸ் பக்கம் போகும் டிஜிவி பெரும்பாலும் புறப்படுவது கார் து லியோன் நிலையத்தில். இடையே ஆர்இஆர் 'டி' புறநகர் ரயிலில் போக வேண்டும், அதற்குத் தனி டிக்கெட். பெட்டி படுக்கையோடு போகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி வைத்துக்கொள்வது நல்லது.

பெயர்க் குழப்பம்: பலகையில் உள்ளூர்ப் பெயர்தான் இருக்கும். வியன்னா 'வீன்', கொலோன் 'கோல்ன்', ஃபுளோரன்ஸ் 'ஃபிரென்ஸே'. ஃபிராங்க்ஃபர்ட் என்ற பெயரில் ஜெர்மனியில் இரண்டு ஊர்கள் உண்டு. பலரும் அறிந்தது மைன் நதிக்கரையில் இருக்கிறது. இன்னொன்று போலந்து எல்லையில் ஓடர் நதிக்கரையில் இருக்கிறது. வெனிஸில் 'மெஸ்த்ரே' நிலப்பகுதியில் உள்ள நிலையம், தீவு நகருக்குள் போக 'சாந்தா லூசியா'வில் இறங்க வேண்டும்.

பிரியும் ரயில்: சில ரயில்கள் பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊருக்குப் போகும். சரியான ரயிலில் ஏறியும் தவறான பெட்டியில் இருந்தால் வேறு ஊரில்தான் இறங்க வேண்டி வரும். கதவு பக்கத்தில் உள்ள பலகையைப் பார்த்து ஏறுவதே பாதுகாப்பு.

பிளாட்பாரம்: ஜெர்மனில் 'க்ளைஸ்', பிரெஞ்சில் 'வ்வா', இத்தாலியில் 'பினாரியோ'. கடைசி நேரத்தில் எண் மாறுவதும் உண்டு. ஸ்பெயினின் அதிவேக ரயிலுக்குப் பைகளை ஸ்கேன் செய்வார்கள். யூரோஸ்டாருக்கு பாஸ்போர்ட் சோதனையும் இருப்பதால் சுமார் ஒரு மணி நேரம் முன்பே போய்விட வேண்டும்.

ரயில் லேட்டானால்?

ஆப் காட்டும் 7, 8 நிமிட இடைவெளியை நம்பி அன்றைய கடைசி ரயிலைத் திட்டமிடக் கூடாது. ஜெர்மனியின் அரசு ரயில் நிறுவனத்தின் நெடுந்தூர ரயில்களில் 2024-ல் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். அதிலும் 6 நிமிடத்துக்குக் குறைவான தாமதம் 'சரியான நேரம்' என்றே கணக்கிடப்படுகிறது.

முன்பதிவு தேவைப்படாத ரயில் என்றால் கவலையில்லை. அடுத்த ரயிலை ஆப்பில் சேர்த்துவிட்டு ஏறிக்கலாம். முன்பதிவு செய்த ரயிலைத் தவறவிட்டால், முந்தைய ரயில் தாமதமானதற்கான சான்றை நிலைய கவுன்ட்டரில் வாங்கிக்கொண்டு, அடுத்த ரயிலில் இடம் கேட்க வேண்டும். கேட்காமல் ஏறக் கூடாது. தனித்தனியாக முன்பதிவு செய்திருந்தால் மாற்று இடம் கட்டாயம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

விசா கவனம்

பாஸ் வேறு, விசா வேறு. இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. பாஸ் பிரிட்டனில் செல்லும், ஆனால் ஷெங்கன் விசாவை வைத்து அங்கே நுழைய முடியாது. பாரிஸில் இருந்து லண்டன் போய்த் திரும்ப பிரிட்டன் விசா தனியாக வேண்டும். ஷெங்கன் விசாவும் பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பி வர முடியாது.

பாஸ் லாபமா, நஷ்டமா?

பாஸ் விலையைப் பயண நாட்களால் வகுத்தால் ஒரு நாள் செலவு தெரியும். அதோடு முன்பதிவுக் கட்டணத்தைக் கூட்டி, அதே நாளுக்கான டிக்கெட் விலையோடு ஒப்பிட வேண்டும். இரண்டு மூன்று மாதம் முன்பே தேதியை முடிவு செய்தவர்களுக்கு, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினில் தனி டிக்கெட்டே பல நேரம் மலிவு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் நினைத்த நேரத்தில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கு பாஸ் கைகொடுக்கும். அரை மணி நேரப் பயணத்துக்கு ஒரு பயண நாளைச் செலவழிக்காமல், அதற்கு மட்டும் டிக்கெட் எடுத்துக்கொள்வதே சிக்கனம்.