எம் 1911: தோட்டாவின் பருமனும் ஒரு வடிவமைப்பின் ஆயுளும்

அமெரிக்க ராணுவத்தின் எம் 1911 கைத்துப்பாக்கியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் .45 தோட்டாவில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். தோட்டாவின் பருமன் அத்துப்பாக்கியின் பிறப்பை விளக்கும். நூறாண்டைக் கடந்த ஆயுளை விளக்காது. பழுது பார்க்கவும் பாகம் மாற்றவும் கைக்கேற்பத் திருத்தவும் இடம்கொடுக்கும் அமைப்புதான் அதை வாழவைத்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிறப்புக்கு வித்திட்டது பிலிப்பைன்ஸ். 1899-ல் மூண்ட போரிலும், தொடர்ந்து தெற்குத் தீவுகளில் மோரோ மக்களுடன் நடந்த மோதல்களிலும், .38 ரிவால்வர் எதிரியை வீழ்த்தவில்லை என்று அமெரிக்கச் சிப்பாய்கள் முறையிட்டனர். 1904-ல் ராணுவ அதிகாரி ஜான் தாம்ப்சனும் ராணுவ மருத்துவர் லூயி லகார்டும் சிகாகோவில் இறைச்சி மாடுகள் மீதும் மனிதச் சடலங்கள் மீதும் சுட்டுப் பார்த்து, .45-க்குக் குறைந்த விட்டம் கூடாது என்று பரிந்துரைத்தனர். சுடப்பட்ட மாடுகள் சொற்பம், முடிவுகளும் சீராக இல்லை; அறிவியல் சான்றாக அது மிகப் பலவீனமானது. ஆனால் அடுத்து வரும் துப்பாக்கியின் விட்டத்தை அந்தப் பரிந்துரைதான் முடிவு செய்தது.

யூட்டாவின் ஆக்டன் நகரில் 1855-ல் பிறந்த ஜான் மோசஸ் பிரவுனிங், கோல்ட் நிறுவனத்துக்காக ஏற்கெனவே தானாகத் தோட்டா ஏற்றும் கைத்துப்பாக்கிகளை வடிவமைத்திருந்தார். 1900-ஆம் ஆண்டு மாதிரியில் குழலின் முன்புறமும் பின்புறமும் ஒவ்வோர் இணைப்புக் கண்ணி இருந்தது. சுட்டதும் குழல் மட்டமாகவே கீழிறங்கி, மேலே நகரும் ஸ்லைடின் பிடியிலிருந்து விடுபடும். அதில் ஓர் ஆபத்து இருந்தது. ஸ்லைடைப் பின்னிருந்து சட்டகத்தில் ஏற்றி, முன்புறம் ஒரு குறுக்காணியால் நிறுத்தினார்கள்; அந்த ஆணி இல்லாமற்போனால் ஸ்லைடு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயக்கூடும். 1909-10 வாக்கில் பிரவுனிங் முன்கண்ணியையே நீக்கினார். ஒற்றைக் கண்ணி குழலின் பின்பகுதியை மட்டும் கீழே இழுக்க, குழல் சாய்ந்து பூட்டுத் திறந்தது. ஸ்லைடும் முன்னிருந்து ஏறும்படி மாறியது. என் கணிப்பில், எம் 1911-இன் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை. ஒரு பாகம் குறைந்ததில் வலிமையும் பாதுகாப்பும் ஒருசேரக் கூடின.

மற்ற மாற்றங்களில் படையினரின் குரல் கேட்கிறது. பிடியை முழுதாக இறுகப் பற்றினாலன்றிச் சுடாதபடி பிடியிலேயே ஒரு காப்பு வந்தது. ஒரு கையில் கடிவாளம் இருக்க, மறுகையால் துப்பாக்கியைக் கையாள வேண்டிய குதிரைப்படையின் தேவைக்காகக் கட்டைவிரல் காப்பு சேர்ந்தது. 1911 மார்ச்சில் 6000 தோட்டாக்கள் சுட்டு நடந்த இறுதிச் சோதனையில் கோல்ட் ஒருமுறைகூடத் தடைபடவில்லை. போட்டியாளரான சாவேஜ் 37 முறை தடைபட்டது. மார்ச் 29-ல் ராணுவம் கோல்ட் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது.

முதல் உலகப் போரின் அனுபவத்துக்குப் பின், 1920-களின் நடுவில் எம் 1911ஏ1 வந்தது. விசையைக் குட்டையாக்கி, பிடியின் பின்புறத்தை வளைத்து, விரல் எட்டுவதற்காகச் சட்டகத்தைச் சற்றுச் செதுக்கினார்கள். உள்ளமைப்பை யாரும் தொடவில்லை. இரண்டாம் உலகப் போரில் சுமார் 19 லட்சம் துப்பாக்கிகள் தயாராயின. அவற்றில் மிகுதியானவற்றைச் செய்தது தட்டச்சுப் பொறிக்குப் பேர்போன ரெமிங்டன் ராண்ட். தையல் இயந்திர நிறுவனமான சிங்கரும் 500 செய்துகொடுத்தது. ஓர் ஆலையின் பாகம் இன்னோர் ஆலையின் சட்டகத்தில் பொருந்தியாக வேண்டும் என்பதே ஒப்பந்தத்தின் உயிர்நாடி.

அந்தப் பொருத்தம்தான் பின்னாளில் கைகொடுத்தது. 1945-க்குப் பிறகு ராணுவம் புதிதாக வாங்கவில்லை. ஆயுதக் கிடங்குகளில் பழையவற்றைக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டியே நாற்பது ஆண்டுகள் ஓட்டினார்கள். அன்றாடத் துப்புரவுக்காகப் பிரிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. விசை ஊசலாடாமல் நேராகப் பின்னோக்கி நகர்வதால் அழுத்தம் குறுகியதாக, தெளிவாக இருக்கும். குறிசுடும் போட்டியாளர்கள் இதை விடாமல் பற்றிக்கொண்டதன் காரணம் அதுதான்.

குறைகளும் கண்கூடானவை. தோட்டா இல்லாமலே ஒரு கிலோவுக்கு மேல் எடை, உள்ளே ஏழே தோட்டா. நேட்டோவின் 9 மி.மீ. தோட்டாவை ஏற்று 1985-ல் தேர்வான பெரெட்டா எம் 9 பதினைந்து கொள்ளும். வாதம் தோட்டாவைப் பற்றியது மட்டுமாக இருந்திருந்தால் 1911-இன் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மரைன் படையின் சிறப்புப் பிரிவுகளுக்காக, குவாண்டிகோ தளத்தின் ஆயுதக் கைவினைஞர்கள் பழைய சட்டகங்களைத் தேர்ந்தெடுத்துக் கையால் புதுப்பித்தனர். 2012-ல் எம் 45ஏ1 என்ற பெயரில் கோல்ட் நிறுவனத்திடமே புதிய ஒப்பந்தம் போனது.

பிரவுனிங் 1926-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், பணியிடத்திலேயே இறந்தார். அவர் தொடங்கிவைத்த மற்றொரு துப்பாக்கியை வடிவமைப்பாளர் தியுதோனே சேவ் முடித்து, அது 1935-ல் ஹை-பவர் என்று வெளிவந்தது. அதில் கண்ணிக்குப் பதிலாகக் குழலின் அடியிலேயே வெட்டிய சரிவு அதே சாய்வை நிகழ்த்துகிறது. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ஆலையில் இந்தியப் படைகளுக்காகச் செய்யப்பட்ட 9 மி.மீ. பிஸ்டல் இந்த ஹை-பவர் வழிவந்ததே.